பீக்கரில் மிஞ்சிய தண்ணீர்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஐந்தாம் வகுப்பை வைத்துக்கொண்டு இருபத்தேழு வருடம் ஒரு சாயத் தொழிற்சாலையில் நிறம் சேர்த்திருக்கிறேன். எந்தத் துணிக்கு எந்தச் சாயம், எது எவ்வளவு என்று என் கையால் எழுதிய சேர்க்கைகள் நான்காயிரத்துக்கு மேல் இருக்கும். பட்டம் வாங்கியவர்கள் பதினொரு பேர் என் மேஜைக்கு வந்து, "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று துணியை நீட்டியிருக்கிறார்கள். பதினொரு பேர் என்பதை எண்ணித்தான் சொல்கிறேன்.

ஆனால் உள்ளே போனது பீக்கர் கழுவத்தான். என் வீட்டுக்காரர் அதே தொழிற்சாலையில் பாய்லர் ஓட்டிக்கொண்டிருந்தார். லேப்பில் கண்ணாடிப் பாத்திரம் கழுவ ஆள் வேண்டும், உடைக்காத கையாக இருக்க வேண்டும் என்றார்களாம். "என் வீட்டுல பத்து வருஷமா ஒரு டம்ளர் உடையல" என்று இவர் போய்ச் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் இருந்த டம்ளர் எல்லாம் எவர்சில்வர் என்பதை மட்டும் சொல்லவில்லை.

லேப் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நீளவாக்கில் ஒரே அறை. ஒரு கோடியில் வடக்குப் பார்த்த ஜன்னல், அதன் கீழே சாம்பல் பெயின்ட் அடித்த மேஜை. நிறம் பார்க்கிற இடம் அது. மறு கோடியில் என் தொட்டி. நடுவில் எட்டு ஓட்டைகள் உள்ள வெந்நீர்த் தொட்டி. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு பீக்கர் இறங்கி உட்காரும். பெரிய மெஷினில் அரை டன் துணியைச் சாயத்தில் போடுவதற்கு முன்னால், ஐந்து கிராம் துணியை பீக்கரில் போட்டுப் பார்ப்பார்கள். சாயக் கரைசல், உப்பு, சூடு, பிறகு சலவைச் சோடா. ஒன்றரை மணி நேரம் கழித்துத் துணியை எடுத்து அலசி, சோப்பில் கொதிக்கவிட்டு, இஸ்திரி போட்டு, வாடிக்கையாளர் கொடுத்த துண்டோடு ஜன்னலில் வைத்துப் பார்ப்பார்கள். துணி ஜன்னலுக்குப் போகும். பீக்கர் என்னிடம் வரும். ஒரு நாளைக்கு நாற்பது பீக்கர்.

கணக்கை அங்கேதான் கற்றேன். ஐந்து கிராம் துணிக்கு ஒரு சதவீதம் சாயம் என்றால், நூறு மில்லிக்கு ஒரு கிராம் சாயம் கரைத்த கரைசலில் ஐந்து மில்லி. அரை சதவீதம் என்றால் இரண்டரை மில்லி. யாரும் சொல்லித்தரவில்லை. மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே அளப்பார், அது என் காதில் விழும். பள்ளிக்கூடத்தில் சதவீதம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு வலிக்கும். இங்கே அது நீலமாகவும் சிவப்பாகவும் கண்ணெதிரே அளக்கிற குழாயில் ஏறி நின்றது. எப்படிப் புரியாமல் போகும்?

லேப்பை நடத்துகிற மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைக் கோட்டு, இரண்டு மூக்குக்கண்ணாடி. ஒன்று படிக்க, ஒன்று முறைக்க என்று என் வீட்டுக்காரர் சொல்வார். நல்ல மனிதர், ஆனால் நிறம் மாறிவிட்டால் காரணம் எப்போதும் லேப்புக்கு வெளியே இருக்கும். தண்ணீர் சரியில்லை, துணி சரியில்லை, உப்பில் மண். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பீக்கரம்மா" என்பார். தொழிற்சாலை முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் காவலாளி அப்படித்தான் வணக்கம் சொல்கிறார்.

நான் சேர்ந்து மூன்றாவது வருடம் அந்தச் சாம்பல் வந்தது.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஊழியர்களுக்குச் சீருடைத் துணி. பூனை முதுகுபோல ஒரு சாம்பல் நிறம். ஒரு தடவை மெஷினில் ஏறுகிற துணி ஒரு லாட்; அப்படிப் பத்து லாட் போட வேண்டும், எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும். சட்டை ஒரு லாட்டிலிருந்தும் பேன்ட் இன்னொரு லாட்டிலிருந்தும் தைப்பார்கள் அல்லவா? சாயத் தொழிலில் இருப்பவர்களைக் கேளுங்கள், சாம்பலைப்போலக் கழுத்தை அறுக்கிற நிறம் வேறு கிடையாது. மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் சம பலத்தில் நின்றால்தான் சாம்பல். ஒன்று இம்மி அசைந்தாலும் கண்ணில் குத்தும்.

முதல் லாட் நன்றாக வந்தது. இரண்டாவது பச்சைப் பக்கம் சாய்ந்தது. மூன்றாவது சிவந்துபோயிருந்தது. பீக்கரில் போட்டால் ஒவ்வொரு முறையும் அச்சாக வருகிறது, மெஷினில் போட்டால் தன் இஷ்டத்துக்கு வருகிறது. மாஸ்டர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, மெஷினைச் சூடாக்குகிற நீராவி ஏறி இறங்குகிறது, பாய்லர்காரர் கவனிப்பதில்லை என்று முதலாளிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அன்று மாலை என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். அவர் மூன்றாம் வகுப்பு. எங்கள் வீட்டில் படித்தவள் நான்தான். இன்னொரு சாம்பல் லாட் நிறம் மாறினால் வேலையிலிருந்து நிறுத்தப்படுவார் என்று இருந்தது. நான் சத்தமாகப் படித்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எத்தனை பேருக்கு நீராவி குடுக்கறேன். ஆறு மெஷின். ஒருத்தன் வால்வைத் திறந்தா இன்னொருத்தனுக்கு இறங்கத்தான் செய்யும். நான் என்ன வாயால ஊதியா நிரப்ப முடியும்?" என்றார். அவ்வளவுதான். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

அவருடைய அக்கா, என் நாத்தனார், பக்கத்துப் போர்ஷன். அதே தொழிற்சாலையில் துணிகளை நுனியோடு நுனி சேர்த்துத் தைக்கிற வேலை. வாய் மட்டும் முதலாளிக்கு உண்டானது. மறுநாள் காலை நான் தண்ணீர் பிடிக்கும்போது வந்து நின்றார்.

"என் தம்பி பாய்லரைத் தொட்டா அது பூனைக்குட்டி மாதிரி கிடக்கும். கோளாறு உன் லேப்புலதான்" என்றார்.

"என் லேப்பா? நான் கழுவறவ அக்கா."

"கழுவறவளுக்குக் கண்ணு இல்லையா?"

கோபம் வந்தது. வேலைக்குப் போகிற வழியெல்லாம் மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன். ஆனால் தொட்டிக்கு முன்னால் நின்று முதல் பீக்கரைக் கவிழ்க்கப் போனபோது கை நின்றுவிட்டது. அது சாம்பல் போட்ட பீக்கர். துணியை எடுத்த பிறகு மிஞ்சிய தண்ணீர் அதில் இருந்தது. ரோஜா நிறத் தண்ணீர்.

சாம்பலுக்கு ஏன் ரோஜாத் தண்ணீர்?

மூன்று வருடமாகப் பார்த்த தண்ணீர்தான். வந்ததும் கவிழ்ப்பதுதான் வேலை, அதனால் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன். அடுத்து பழுப்பு போட்ட பீக்கர் வந்தது. அதில் மிஞ்சிய தண்ணீர் வெளிறிய பழுப்பு. அந்தப் பழுப்பு வருடக்கணக்காக மெஷினில் ஓடுகிறது, ஒரு லாட்கூட மாறி வந்ததில்லை. பிறகு ஒரு பச்சை. அது அடிக்கடி தகராறு பண்ணுகிற பச்சை. அதன் கடைசித் தண்ணீர் நல்ல நீலம்.

அன்றிலிருந்து நான்கு நாள், எந்த பீக்கரையும் கவிழ்ப்பதற்கு முன்னால் கொஞ்சம் தண்ணீரைச் சின்ன பாட்டிலில் பிடித்து, என்ன நிறத்துக்குப் போட்டது என்று காகிதம் ஒட்டி, ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தேன். மாஸ்டர் பார்த்துவிட்டு இது லேப்பா மருந்துக்கடையா என்று கேட்டார். நான் அடுத்த பாட்டிலுக்குக் காகிதம் ஒட்டினேன். சனிக்கிழமைக்குள் எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. நிறம் மாறாத சேர்க்கையில் மிஞ்சுகிற தண்ணீர் துணியின் நிறத்திலேயே வெளுத்து இருக்கிறது. தகராறு பிடித்த சேர்க்கையில் மிஞ்சுகிற தண்ணீர் வேறு நிறமாக இருக்கிறது.

அப்படியென்றால் என்ன? சாம்பலுக்குப் போட்ட மஞ்சள் ஓட்டக்காரன். தண்ணீரில் விட்டதும் ஓடிப்போய்த் துணியில் உட்கார்ந்துகொள்கிறான். சிவப்பு சோம்பேறி. கடைசிவரை தண்ணீரில் மிதந்துகொண்டே, வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிறான். பீக்கரில் சூடு அசையாமல் நிற்பதால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு சிவப்பு ஏறுகிறது. மெஷினில் நீராவி கொஞ்சம் இறங்கினால் சிவப்பு குறைந்து பச்சையடிக்கிறது. கொஞ்சம் ஏறினால் சிவந்துவிடுகிறது. பாய்லர் என்ன செய்யும்? நீராவி எந்த ஊரிலும் ஏறி இறங்கத்தான் செய்யும். அதைத் தாங்குகிற மூன்று சாயத்தைச் சேர்க்க வேண்டும்.

திங்கள்கிழமை மாஸ்டரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"நான் போட்ட மூணும் புத்தகத்துலயே முதல் தரம். தனித்தனியா பாத்தா மூணும் ராஜாம்மா" என்றார்.

"மூணு ராஜாவையும் ஒரே வண்டியில ஏத்திட்டா, வண்டிய ஓட்டறது யாரு சார்?"

சிரித்துவிட்டார். நான் விடவில்லை. பழுப்புக்குப் போடுகிற மூன்று சாயத்தையே எடுத்து, அளவை மாற்றிச் சாம்பல் செய்யலாம் என்றேன். அவை மூன்றும் ஒரே நடை நடக்கிறவை என்று என் பாட்டில் சொல்கிறதே.

"அதெல்லாம் மங்கல் சாயம்."

"சாம்பலுக்கு என்ன சார் பளபளப்பு?"

அவர் முறைக்கிற கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெளியே பார்த்தார். அடுத்த லாட் வியாழக்கிழமை ஏறுகிறது, புதன் மாலைக்குள் வாடிக்கையாளர் துண்டோடு ஒட்டி வருகிற மாதிரி செய்து காட்டு, பிறகு பேசுவோம் என்றார். பீக்கர் கழுவுவதும் நிற்கக் கூடாது.

மூன்று நாள். அந்த மூன்று நாளில் பத்தொன்பது பீக்கர் போட்டேன். அளக்கிற குழாயைப் பிடித்தபோது முதல் நாள் கை நடுங்கியது, இரண்டாம் நாள் குழாய்தான் என்னைக் கண்டு நடுங்கியது. முதல் நாலைந்து துணி சேறுபோல வந்தது. நீலத்தைக் கூட்டினேன், பச்சையானது. சிவப்பை ஒரு சொட்டு கூட்டினேன், கத்தரிப்பூவானது. ஒவ்வொன்றையும் நோட்டில் ஒட்டி, பக்கத்தில் எழுதி, எதைத் தொட்டால் எது அசைகிறது என்று பார்த்தேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இரண்டைத் தொட்டால் எது செய்த வேலை என்று தெரியாது. படித்தவர்களுக்கே அந்தப் பொறுமை கிடையாது, எனக்கு இருந்தது.

செவ்வாய் மதியம் பன்னிரண்டாவது துணி. இஸ்திரிப் பெட்டியை எடுத்த கையோடு ஜன்னலில் வைத்தேன். அப்படியே ஒட்டிக்கொண்டது. எது வாடிக்கையாளர் துண்டு, எது என் துண்டு என்று தெரியவில்லை. மாஸ்டர் மெஷின் பக்கம் இருந்தார். ஓடினேன். வழியில் பாய்லர் அறைக்குள் தலையை நீட்டி, "வேலை தப்பிச்சிருச்சுங்க" என்று என் வீட்டுக்காரரிடம் கத்திவிட்டுப் போனேன்.

மாஸ்டர் கையைக் கழுவிக்கொண்டு நிதானமாக வந்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். மேஜையில் கிடந்த என் துணி பச்சையடித்துக் கிடந்தது.

என் முகத்தில் ஈயாடவில்லை. மேஜைப் பக்கத்தில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தார். தைப்பதற்கு ஏதோ துண்டு வாங்க வந்தவர். "அக்கா, நீங்கதானே தொட்டீங்க? எண்ணெய்க் கையோட தொட்டிருக்கீங்க" என்று பாய்ந்தேன். அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். பளிங்குபோலச் சுத்தம். மாஸ்டர் துணியை வாங்கி மறுபடி இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஒரு நொடி வைத்து எடுத்து என் முன்னால் போட்டார். ஒட்டிக்கொண்டது. நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்லப் பச்சைக்குப் போனது.

"சூட்டுல சிவந்து நிக்கும்மா. ஆறவிட்டுத்தான் பாக்கணும்" என்றார்.

இதை மூன்று வருடத்தில் எனக்கு யார் சொன்னார்கள்? துணி ஜன்னலுக்குப் போவதைத்தான் பார்த்திருக்கிறேன், அது அங்கே எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கிறது என்பதைப் பார்க்கவில்லை. இருபத்தேழு வருடத்தில் நான் செய்த பெரிய தப்பு அது ஒன்றுதான். நாத்தனாரிடம் மன்னிப்பும் கேட்டேன். அதையும் அவர் அந்த வாரம் முழுக்க எல்லோரிடமும் சொன்னார். பாய்லர் அறைக்கு மறுபடி போய், இன்னும் தப்பிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்ததுதான் கஷ்டமாக இருந்தது. அவர் கரியைத் தள்ளிக்கொண்டே, சரி என்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

புதன்கிழமை நாலரை மணிக்குப் பத்தொன்பதாவது துணி ஆறி ஒட்டியது. மாஸ்டர் ஜன்னலில் பார்த்தார், டியூப் லைட்டில் பார்த்தார், வெளியே கொண்டுபோய் வெயிலில் பார்த்தார். சரியாக இருக்கிறது என்றார். ஆனால் தன்னுடைய பழைய சேர்க்கையும் பீக்கரில் சரியாகத்தானே வந்தது என்றும் சொன்னார்.

அது நியாயம். அதற்கும் நான் தயாராகத்தான் இருந்தேன். இரண்டு பீக்கர் வைத்தேன். ஒன்றில் அவருடைய சேர்க்கை, ஒன்றில் என்னுடையது. ஒவ்வொன்றிலும் ஒரே அளவில் ஆறு துண்டுத் துணி. பத்து நிமிடத்துக்கு ஒரு துண்டாக இரண்டிலிருந்தும் எடுத்து அலசி, மேஜையில் வரிசையாகப் பரப்பினேன். அவர் வரிசையில் முதல் துண்டு மஞ்சள் பச்சை, அடுத்தது பாசி, பிறகு ஏதோ ஒரு களிமண் நிறம், ஆறாவதில்தான் சாம்பல். என் வரிசையில் முதலாவது வெளிறிய சாம்பல், அடுத்தது கொஞ்சம் அழுத்தமான சாம்பல், ஆறும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாக வயது வரிசையில் நின்றன.

மாஸ்டர் அந்த ஆறு துண்டுகளையும் விரலால் ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்தார். இதை எந்தப் புத்தகத்தில் பார்த்தாய் என்று கேட்டார். நான் பீக்கர் கழுவுகிறவள் சார் என்றேன். பேனாவை எடுத்து மெஷினுக்குப் போகிற சீட்டில் என் அளவுகளை எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

"இது தப்பாச்சுன்னா பாய்லர் மேல போட முடியாது. என் மேலதான் விழும். தெரியுதா?"

"தெரியுது சார்."

இப்படி ஒரு கையெழுத்துப் போட எத்தனை பேருக்கு மனசு வரும்? அதனால்தான் அவரை நல்ல மனிதர் என்று முதலிலேயே எழுதினேன்.

வியாழக்கிழமை லாட் நன்றாக வந்தது. வெள்ளிக்கிழமை லாட்டும் வந்தது. ஆனால் என் வீட்டுக்காரர் இன்னும் சாப்பாட்டை அளைந்துகொண்டுதான் இருந்தார். பழைய சேர்க்கையிலும் முதல் லாட் நன்றாகத்தானே வந்தது என்பார். அதுவும் உண்மைதான்.

சனிக்கிழமை மூன்றாவது லாட் ஏறியது. சோடா போட்டுப் பத்து நிமிடம் ஆகியிருக்கும், பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்பின் பெல்ட் அறுந்துவிட்டது. அவர் பெல்ட்டை மாற்றி முடிப்பதற்குள் நீராவி பாதிக்குக் கீழே போய்விட்டது. இருபத்திரண்டு நிமிடம். பிறகு அவர் லேப்புக்குள் வந்து நின்ற கோலத்தை என்னால் மறக்க முடியாது. முகமெல்லாம் கரி, கையில் அறுந்த பெல்ட்.

"இறங்கிருச்சு. மாஸ்டர எழுதிக்கச் சொல்லு" என்றார் என்னிடம். ஒளிக்கவில்லை. ஒளித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

மாஸ்டர் மெஷின்காரரிடம் போய், துணியை எடுக்க வேண்டாம், சூடு திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து மிச்ச நேரத்தை ஓட்டு என்று சொல்லிவிட்டு வந்தார். நான் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். மாலைவரை பீக்கர் கழுவினேன். ஏற்கெனவே கழுவியதையும் கழுவினேன்.

மாலை முதலாளி வந்தார். ஆஸ்பத்திரிக்காரர்கள் திங்கள்கிழமை வருகிறார்களாம், மூன்று லாட்டையும் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம். நாத்தனார் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு முழம் வெட்டி, மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்துக் கொண்டுவந்தார். அதே சாம்பல் நூலால், தையல் வெளியே தெரியாதபடி உள்மடிப்பாகத் தைத்திருந்தார். ஜன்னல் மேஜையில் விரித்தோம். முதலாளி குனிந்து பார்த்தார். இடது பக்கம் நின்று பார்த்தார், வலது பக்கம் நின்று பார்த்தார். தையல் எங்கே இருக்கிறது என்று கேட்டார். நாத்தனார் சொல்லவில்லை. முதலாளி கண்ணால் தேடிப் பார்த்துவிட்டுக் கடைசியில் விரலால் தடவித்தான் கண்டுபிடித்தார்.

"நீராவி இறங்கின லாட் இதுல எது?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

பயந்துபோன மனிதருக்கு எல்லாமே குற்றமாகத்தான் தெரியும் போல. இவர் மூன்றையும் உற்றுப் பார்த்துவிட்டு, இந்தக் கோடியில் இருப்பதுதான், லேசாகச் சிவந்த மாதிரி இருக்கிறது என்று காட்டினார். அது வியாழக்கிழமைத் துணி.

நாத்தனார்தான் முதலில் சிரித்தார். பிறகு மாஸ்டர். மாஸ்டர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. முதலாளி சிரிக்கவில்லை, கடிதம் எங்கே என்று கேட்டார். இவர் பையிலிருந்து எடுத்தார். நான்காக மடித்து வியர்வையில் நைந்துபோயிருந்தது. முதலாளி வாங்கிக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, சேர்க்கை யாருடையது என்று கேட்டார். மாஸ்டர் என்னைக் காட்டினார். என்ன படித்திருக்கிறாய் என்ற கேள்வி வந்தது. ஐந்தாம் வகுப்பு என்றேன், சத்தமாகவே சொன்னேன். திங்கள்கிழமையிலிருந்து ஜன்னல் மேஜையில் உட்காரு என்றார். உட்கார அங்கே இன்னொரு நாற்காலி இல்லை. மாஸ்டரே சாயக் கிடங்கிலிருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து துடைத்துப் போட்டார்.

அந்தச் சேர்க்கை பதினாலு வருடம் ஓடியது. ஒரு லாட்கூடத் திரும்பி வரவில்லை. என் வீட்டுக்காரரும் அதே பாய்லரில் இருந்துதான் ஓய்வு பெற்றார். இப்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் எல்லாம் எங்கள் வீட்டில் யார் கெட்டிக்காரர் என்று பேசிக்கொண்டிருக்கிறார். என்னைத்தான் சொல்கிறார், நான் கேட்டிருக்கிறேன்.

நாத்தனார் விஷயம் வேறு. அந்த மூன்று முழத் துணியைத் தன் தையல் மெஷினுக்கு உறையாகப் போட்டுக்கொண்டார். யாராவது கேட்டால், "என் தம்பி நீராவிய நிறுத்தியே காட்டினான். அப்பவும் நிறம் அசையலையே. அப்படி ஒரு கை அவனுக்கு" என்பார். இத்தனை வருடமாக நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு, ஒரு நாளும் திருத்தியதில்லை. இப்போது எழுதியே திருத்திவிட்டேன்.